பாட்டிலை நிழலில் வைக்கவும்

முதலில் ஒரு துண்டு கிடைத்தால் நன்றாக இருக்கும். குளத்தில் முழுகி எழுந்து ஒரு மணி நேரம் ஆகிறது, வேட்டி இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் உட்கார்ந்திருப்பது அரசாங்கத்துப் பெஞ்சு. தண்ணீர் ரைட்டரின் நாற்காலி வரை போய்விட்டது. யாராவது வழுக்கி விழுந்துவிடப் போகிறார்கள்.

உங்கள் ரைட்டருக்குத் தமிழ் எழுத வராது. எனக்குத் தெலுங்கு பேச வரும், யாராவது திட்டினால் மிக நன்றாகப் புரியும், எழுத மட்டும் வராது. பாலசமுத்திரத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன். அதனால் என் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள், எஸ்.ஐ. சார். என் கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

இன்னொரு சின்ன உதவி. வெளியே கறுப்பு காண்டெஸா ஒன்று வெயிலில் நிற்கிறது. அதைப் புளியமரத்து நிழலுக்குத் தள்ளச் சொல்ல முடியுமா? சாவி என் மனைவியிடம் இருக்கிறது. ஆனால் கியரில் போடவில்லை, தள்ளினால் நகரும். பின்சக்கரத்துக்கு அண்டைக்கல் கொடுத்திருக்கிறேன், அதை எடுக்க மறந்துவிட வேண்டாம். ஏன் நிழல் என்று பிறகு சொல்கிறேன்.

என் பெயர் முனிகிருஷ்ணன். வயது நாற்பத்தொன்று. சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் கேஸ் ஆள். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கும் மிஷினுக்கு வேண்டிய சிலிண்டர்களை மாற்றுவது, எடை பார்ப்பது, ஆபரேஷன் நடக்கும்போது ரப்பர் பையை அமுக்கி நோயாளிக்கு மூச்சுக் கொடுப்பது, இவைதான் என் வேலை. பையை அமுக்குவது சட்டப்படி மயக்க டாக்டர் செய்ய வேண்டியது. ஆனால் எங்கள் டாக்டர் ஸ்ரீஹரி ஒரே காலையில் நாலு நர்சிங் ஹோமுக்கு ஸ்கூட்டரில் ஓடுகிறவர். ஊசி போட்டு, தொண்டையில் குழாய் வைத்து, "பாத்துக்கோ முனிகிருஷ்ணா" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். பதினாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். என் கையில் ஒரு உயிர்கூடப் போனதில்லை, இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

காண்டெஸா மாம்பழக் கூழ் ஃபாக்டரி ஆதிநாராயணன் அவர்களுடையது. நாடு கதவைத் திறந்துவிட்டபோது சித்தூர் மாம்பழம் டப்பாவில் ஏறிக் கப்பலில் போயிற்று. டப்பாவுக்குப் பின்னாலேயே அவர் மகன் கிரண்குமார் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனான். மகனுக்குப் பின்னாலேயே அவரும் போய்விட்டார். போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணு" என்றார். நான் தினமும் பண்ணினேன். மூன்றாம் வருடம் போனில், "இனிமே நீயே வச்சிக்கோப்பா, நாங்க இங்கயே வீடு வாங்கிட்டோம்" என்றார். அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். என் கல்யாணத்தில்கூட நான் அழவில்லை, அழ வேண்டியவள் ஸ்வர்ணலதாதான் என்று என் மைத்துனன் வேதாச்சலம் சொல்வான்.

ஸ்வர்ணலதா என் மனைவி. எங்களுக்கு ஒரே மகள், சந்தியா, ஐந்தாம் வகுப்பு. ஸ்வர்ணா காண்டெஸாவுக்கு வைத்த பெயர் 'சின்னவ'. பக்கத்து வீட்டில் யாராவது என்னைத் தேடி வந்தால், "அவரு சின்னவ வூட்ல கீறாரு" என்று ஷெட்டைக் காட்டுவாள். கோபத்தில் இல்லை, சிரித்துக்கொண்டுதான். நல்ல பெண். பயம் அதிகம், ஊசி என்றால் ஊரைக் கூட்டுவாள்.

இனி நைட்ரஸ் விஷயத்துக்கு வருகிறேன். தியேட்டரில் நீலச் சிலிண்டரில் இருக்கும் மயக்க கேஸும் பந்தயக்காரர்கள் எஞ்சினுக்குக் கொடுக்கும் கேஸும் ஒன்றே, நைட்ரஸ் ஆக்சைடு. மனிதனுக்குக் கொடுத்தால் வலி தெரியாமல் கிடப்பான். எஞ்சினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் வேகமாக எரிந்து, சில விநாடிகளுக்கு வண்டி தன் வயதை மறந்துவிடும். இதைக் கிரண்குமாரிடம் போனில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் அந்தக் காரின் பின்சீட்டில் வளர்ந்தவன். அடுத்த முறை ஊருக்கு வந்த யாரோ ஒரு நண்பனின் பெட்டியில், பாதாம் பருப்புக்கும் சென்ட் பாட்டிலுக்கும் நடுவே, ஒரு கிட் வந்து சேர்ந்தது. நாலரைக் கிலோ பிடிக்கும் நீல பாட்டில், வால்வுகள், குழாய், ஸ்விட்ச், ஒரு சின்னப் புத்தகம். பாட்டில் காலி. விமானத்தில் கேஸ் ஏற்ற மாட்டார்கள், அது சரியான விதிதான்.

புத்தகத்தில் பதினெட்டுப் பாதுகாப்பு விதிகள் இருந்தன. டிக்‌ஷனரியை வைத்துப் பதினோரு நாள் படித்தேன். கம்பெனியில் விட்ட மாதிரியே இருக்கும் வண்டியில் நைட்ரஸ் மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மாட்டிய பிறகு எஞ்சினும் ஓட்டுகிறவனும் முழுசாக இருக்க வேண்டும், வித்தை அங்கேதான் இருக்கிறது. கிட்டில் கேஸைப் பீய்ச்சும் துளை, ஜெட் என்பார்கள், மூன்று அளவில் இருந்தது, நான் எல்லாவற்றிலும் சின்னதை எடுத்தேன். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரகமாக மாற்றினேன். இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளினேன். பாட்டிலை டிக்கியில் பதினைந்து டிகிரி சாய்வில் போல்ட் போட்டு இறுக்கினேன், சாய்வைச் சந்தியாவின் ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த கோணமானியை வைத்து அளந்தேன். பாட்டில் சூடாகிப் பொங்கினால் கேஸ் வண்டிக்குள் வராமல் வெளியே போக ஒரு தனிக் குழாய். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் மட்டுமே வேலை செய்யும் ஒரு ஸ்விட்ச். அதற்கு மேல் மூடி போட்ட இன்னொரு ஸ்விட்ச், தெரியாமல் யார் கையும் பட்டுவிடக் கூடாது என்று.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்ரோல் ஸ்விட்ச். கேஸ் போகும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். அதனால் பெட்ரோல் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் எல்லாம் தானாக நின்றுவிட வேண்டும். அதை நாலு முறை சோதித்தேன். ஒரு எஞ்சின் வாய் திறந்து தன் கஷ்டத்தைச் சொல்லாது, அதற்குப் பதிலாக நாம்தான் யோசிக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் இங்கே, காணிப்பாக்கத்துக்குத்தான் பூஜைக்குக் கொண்டுவந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பானெட்டுக்குச் சந்தனம் குங்குமம், எல்லாம் முறைப்படி. ஸ்வர்ணா டிக்கியைத் திறக்கச் சொல்லி நீல பாட்டிலுக்கும் தன் கையால் பொட்டு வைத்தாள். "இதுவும் நம்மூட்டுக்குச் சோறு போடற சிலிண்டருதான மாமா" என்றாள். பூஜை செய்த ஐயர், இந்தப் பிள்ளையார் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர், இவர் பொட்டு வைத்த வண்டியை வைத்துப் பொய் சொன்னால் வண்டியை எடுத்துக்கொள்வார் என்று சொல்லித் தேங்காய் உடைத்தார். எல்லா வண்டிக்கும் அப்படித்தான் சொல்வாராக இருக்கும். நான் மட்டும் அதை நம்பிவிட்டேன்.

பாட்டிலை நிரப்பிய விதத்தைக் கேட்பீர்கள். தீர்ந்துவிட்டது என்று நாங்கள் திருப்பி அனுப்பும் சிலிண்டர்களில் அடியில் கொஞ்சம் கேஸ் இருக்கும். அது யாருக்கும் சேராத கேஸ். அதைத்தான் மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன், இரண்டு கிலோ சேர்ந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த கேஸ் உள்ளே திரவமாக இருப்பதால் மீட்டர் முள் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும், கடைசியில்தான் படுக்கும். எவ்வளவு இருக்கிறது என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது, எடை போட்டால்தான் தெரியும். எங்கள் நர்சிங் ஹோமில் எடை போடுகிறவன் நான் ஒருவன்தான்.

சிரஞ்சீவி என்று ஒருவன், டிராவல்ஸ் வைத்திருக்கிறான். போன வருடம் புத்தம் புது கொரியா கார் வாங்கினான். ஏ.சி., பவர் ஸ்டீரிங், சுருட்டை முடியில் கூலிங் கிளாஸ். பெட்ரோல் பங்கில் என் வண்டியைச் சுற்றி வந்து, "இன்னாண்ணா, படகுக்கெல்லாம் பெட்ரோல் போடறாங்களா இங்க?" என்றான். பங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, கார்வேட்டிநகரம் தாண்டி வரும் நேர்ப்பாதை, இரண்டு கிலோமீட்டர் என்று முடிவாயிற்று. தோற்றவன் திருமலைக்குப் போய் மொட்டை போட வேண்டும். எனக்கும் முடி இருக்கிறது, ஓரளவு.

போன ஆகஸ்டு மாதம், அந்தச் சனிக்கிழமை, நர்சிங் ஹோமில் புது நீலச் சிலிண்டர் ஒன்றே ஒன்று இருந்தது. மூன்று கிலோ. அடுத்த லோடு சென்னையிலிருந்து திங்கட்கிழமை வரும். ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் எதுவும் இல்லை என்று போர்டில் எழுதியிருந்தது. பந்தயத்துக்கு பாட்டிலில் ஏற்கனவே இருந்த இரண்டு கிலோவே தாராளம். ஆனால் புத்தகத்தின் ஏழாவது விதி, பாட்டில் நிறைந்திருந்தால்தான் அழுத்தம் சீராக இருக்கும் என்கிறது. விதியை மீற எனக்கு மனம் வரவில்லை. புதுச் சிலிண்டரிலிருந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடுத்துவிட்டேன். மாற்றும்போது கொஞ்சம் காற்றில் போனது, மிச்சம் முந்நூற்றைம்பது கிராம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்வர்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாந்தி, காய்ச்சல். காண்டெஸாவில்தான் கூட்டிப்போனேன், மேடு பள்ளம் பார்த்து மெதுவாக. எங்கள் நர்சிங் ஹோம் முதலாளி டாக்டர் ஜெயச்சந்திரன்தான் சர்ஜனும். வயிற்றை அழுத்திப் பார்த்து, குடல்வால், இப்போதே எடுக்க வேண்டும் என்றார். டாக்டர் ஸ்ரீஹரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கை கழுவிக்கொண்டே, "முனிகிருஷ்ணா, கேஸ் சரிபோதுந்தா?" என்று கேட்டார்.

"போதும் சார்" என்றேன்.

அந்த இடத்தில் நான் எவ்வளவு யோசித்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குடல்வாலுக்கு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். முந்நூற்றைம்பது கிராம் அரைமணிக்குத்தான் வரும். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் கேட்டால் சிலிண்டர் கொடுப்பார்கள், ஆனால் நேற்று இருந்த புதுச் சிலிண்டர் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். காரிலிருந்து திருப்பி எடுக்கலாம், சிலிண்டரைக் குளிரவைக்க ஐஸும் பத்து நிமிடமும் போதும். ஆனால் காருக்குப் போன கேஸை ஒரு மனுஷிக்குக் கொடுப்பது சுத்தமான காரியமா? என்ன கிருமி இருக்குமோ. பாதுகாப்பை நினைத்துத்தான் அதைச் செய்யவில்லை.

மேஜையில் படுக்க வைத்ததும் ஸ்வர்ணா என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீ பக்கத்துலயே இருப்பதான?"

"நான்தான்டி உனக்கு மூச்சே குடுக்கப் போறேன், பயப்படாத" என்றேன். ஸ்ரீஹரி சார் ஊசி போட்டார், அவள் விரல் தளர்ந்தது. உடம்பு அசையாமல் இருக்க இன்னொரு ஊசி. குழாய் வைத்து, கண்ணுக்கு பிளாஸ்திரி ஒட்டி, கேஸைத் திறந்துவிட்டு, அடுத்த நர்சிங் ஹோமுக்குப் போய்விட்டார்.

முப்பத்தோராவது நிமிடம் மிஷினில் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் குண்டு மெல்ல இறங்கி அடியில் உட்கார்ந்தது. கேஸ் தீர்ந்தது என்று அர்த்தம். அதைப் பார்க்கும்படி நின்றது நான் ஒருவன்தான். ஆக்சிஜன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. நான் பையை அமுக்கிக்கொண்டே இருந்தேன். முதல் ஊசியின் வேகம் அதற்குள் இறங்கியிருக்கும். அசையவிடாத ஊசி மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. வண்டியில் நான் மாட்டிய பெட்ரோல் ஸ்விட்ச் மாதிரி இந்த மிஷினில் ஒன்று இருந்திருந்தால் எல்லாம் தானாக நின்று மணி அடித்திருக்கும். மிஷின் பழசு, மாற்றுங்கள் என்று நான் டாக்டரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் ஜெயச்சந்திரன் அறுத்துக்கொண்டே நர்சிடம் மனசுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மகனுக்கு அமெரிக்கா விசா குத்தியாகிவிட்டது என்று ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தவர் அவர். உண்மையில் விசா கிடைக்கவில்லையாம். சென்னை விசா ஆபீஸில் ஒரு வெள்ளைக்கார அம்மா எதற்கு அமெரிக்கா போகிறாய் என்று கேட்டதற்குப் பையன், பனி பார்க்க என்று சொல்லிவிட்டானாம். "பனி பாக்கணும்னா நம்மூரு ஹார்ஸ்லி ஹில்ஸ் மலைக்குப் போடான்னு அனுப்பிட்டாங்க" என்று சொல்லி அவரே சிரித்தார். யாரிடமும் சொல்லாதே என்று நர்சிடம் சத்தியம் வாங்கினார்.

ஸ்வர்ணாவின் நாடி நூற்று முப்பதைத் தாண்டியிருந்தது. வண்டி பாஷையில் சொன்னால் ஐடிலிங் ஏறிவிட்டது. நெற்றி வியர்த்தது. பிளாஸ்திரி ஓரமாக இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கி காதுக்குப் போயிற்று. பஞ்சை எடுத்துத் துடைத்தேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் துடைத்தேன். ஸ்ரீஹரி சார் தட்டில் மயக்க மருந்து இன்னொரு ஊசி ஏற்றியே வைத்திருந்தது. ஆனால் ஊசி போடுவது என் வேலை இல்லை, விதி விதிதான்.

"சார், இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்? மூணு மணிக்கு கார்வேட்டிநகரத்துல ஒரு வேலை கீது" என்றேன்.

"பொண்டாட்டி மேஜை மேல கீறா, உனக்கு இன்னாய்யா அப்படி வேலை?" என்றார் டாக்டர். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். கேஸ் இல்லாமல் மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். தையல் சுத்தமாகப் போட்டிருந்தார்.

ஸ்ரீஹரி சார் வந்து குழாயை எடுத்ததும் வார்டில் படுக்க வைத்துவிட்டு, ஒரு மணிக்கு நான் கிளம்பினேன். அவள் கண் திறக்கவில்லை. சீட் பெல்ட் போட்டேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

பந்தயத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் ஒரு கிலோமீட்டர் சிரஞ்சீவி முன்னால் போனான், ஜன்னல் வழியாகக் கைகூட ஆட்டினான். மூடியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டு முழுக்க மிதித்தேன். சார், அந்த வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது பாருங்கள், பதினாலு வருடம் சிலிண்டர் உருட்டிய முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பதினோரு விநாடி. கொரியா கார் கண்ணாடியில் புள்ளியாகிவிட்டது. எஞ்சினில் ஒரு தட்டல் இல்லை, சூடு இல்லை, பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. திரும்பி வந்து பாட்டிலை எடை போட்டேன். அரைக் கிலோகூடச் செலவாகவில்லை.

மறுநாள் காலை ஸ்வர்ணா பேசினாள். குரல் கரகரவென்று இருந்தது. "மாமா, நான் முழிச்சிக்கினு இருந்தேன்."

கனவு என்றேன்.

"கத்தி வெச்சது தெரிஞ்சது. கத்தலாம்னா வாய் வரல. கை வரல. நீ கண்ணத் தொடச்ச. ரெண்டு தரம் தொடச்ச. கார்வேட்டிநகரம்னு சொன்ன."

மயக்கத்தில் அப்படித்தான் கனவு வரும், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்றேன். பையை அமுக்குகிற அதே நிதானத்தில்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெசம்னு ஒரு வார்த்தை சொல்லு மாமா, போதும். நான் யாராண்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். கனவு என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் விடவில்லை. முழித்திருந்தேன் என்று வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார்கள், டாக்டர் பேசியதைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தாள். பார்க்க வந்த பெண்களிடம், விசா கிடைக்கவில்லை, பனி பார்க்க என்று சொல்லிவிட்டானாம் என்று அப்படியே ஒப்பித்தாள். டாக்டர் வீட்டு ரகசியம் ஒரு பகலில் தெருவெல்லாம் போயிற்று. டாக்டர் நர்சைத் திட்டினார், நர்ஸ் காணிப்பாக்கம் வந்து சத்தியம் செய்கிறேன் என்று அழுதாள். ஆனால் எங்கள் தெருப் பெண்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். மயக்கத்தில் கிடந்தவளுக்கு இது எப்படித் தெரியும்? எங்கள் ஊர் அம்மன் கங்கம்மா இவள் மேல் வந்து சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் ஒன்பது பேர். எல்லார் தட்டிலும் வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம், மஞ்சள் தடவிய பாஸ்போர்ட் ஜெராக்ஸ். "அம்மா தாயே, எம்புள்ளைக்கு விசா வருமா சொல்லு." தையல்கூடப் பிரிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் சாமி இல்லக்கா, நான் முழிச்சிக்கினு இருந்தேன்" என்றாள் ஸ்வர்ணா. அவர்கள் அதைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் ஏற்றினார்கள். அதற்கடுத்த வெள்ளி இருபது பேர். ஒருவர் திருப்பதியிலிருந்து வேன் வைத்து வந்தார். நான் பாய் விரித்துப் போட்டேன், தண்ணீர்ப் பானை வைத்தேன், செருப்பை வரிசையாக விடச் சொன்னேன். சாமியாக இருப்பதில் அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சாமி சொல்வதை யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தட்டுகளையெல்லாம் தெருவில் வீசிவிட்டாள். திருப்பதியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று அவள் அதைத் துப்பிவிடுவாள். கண் மூடினால் கை கால் நின்றுவிடும் என்று பயம். சோறு தின்னும்போதும், சந்தியாவுக்குத் தலை வாரும்போதும், ஒரு கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்கிறாளாம். எட்டு மாதம். வேதாச்சலம் வந்து, அக்காவைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டாயே என்று என் சட்டையைப் பிடித்தான். எனக்கும் அவளைப் பார்த்தால் கஷ்டமாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

போன வாரம் அவளே சொன்னாள். "காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முழுகிட்டு சாமி முன்னால கனவுதான்னு சத்தியம் பண்ணு. நான் பைத்தியம்னு ஒத்துக்கினு மாத்திரை துன்றேன்."

சரி என்றேன். நீங்கள் நினைப்பது மாதிரி நான் பயப்படவில்லை. இங்கே பொய்ச் சத்தியம் செய்தால் தொண்ணூறு நாளில் கை கால் விழும், கண் போகும் என்பார்கள். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது, வருவது வரட்டும் என்று இருந்தேன். இன்று காலை குளத்தில் முழுகி ஈரத்தோடு சன்னதியில் நின்றேன். ஸ்வர்ணா, வேதாச்சலம், சந்தியா மூன்று பேரும் எதிரில். ஐயர் கற்பூரம் காட்டினார். நல்ல கனமாக இருக்கட்டும் என்று, "என் பொண்ணு சந்தியா தலை மேல வேணும்னாலும் அடிச்சிச் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன்.

ஸ்வர்ணா குழந்தையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பதினாலு வருடம் கூட வாழ்ந்தவள், தேட வேண்டிய இடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"புள்ளை மேல வேணாம்" என்றாள். "வெளிய வா. சின்னவ மேல கைய வெச்சிச் சொல்லு."

வெளியே வந்தோம். கோபுரத்தைப் பார்த்து நின்ற காண்டெஸாவின் பானெட்டில் கையை வைத்தேன். சந்தனப் பொட்டு காய்ந்த இடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். ஐயர் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. வண்டியை எடுத்துக்கொள்வார். எப்படி எடுப்பார்? வழியில் லாரியா, எஞ்சின் பிடித்துக்கொள்ளுமா, வொயரிங் எரியுமா? அந்த வண்டி யாருக்கு என்ன பாவம் செய்தது? கையை எடுத்துவிட்டேன்.

"நெசம்" என்றேன். "நீ முழிச்சிக்கினுதான் இருந்த."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப நான் பைத்தியம் இல்ல" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேதாச்சலம்தான் என் கையைப் பிடித்து எதிரிலேயே இருக்கும் உங்கள் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டான். சந்தியா அவனோடு லட்டு வரிசையில் நிற்கிறாள்.

ஆக, கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வர்ணலதாவுக்குச் சேர வேண்டிய மயக்க கேஸைத் தெரிந்தே எடுத்தவன் நான். இல்லாததைப் போதும் என்று சொன்னவன் நான். அவள் விழித்துவிட்டாள் என்று தெரிந்தே இருபத்திரண்டு நிமிடம் பையை அமுக்கியவனும், எட்டு மாதம் அதைக் கனவு என்று சொன்னவனும் நானே. அவளுக்குப் போதாமல் போனது இருநூற்றைம்பது கிராம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டாக்டர் மேலோ நர்ஸ் மேலோ பழி போட வேண்டாம்.

கடைசியாக அந்த நிழல் விஷயம். டிக்கியில் பாட்டில் அப்படியே இருக்கிறது, நாலு கிலோவுக்கு மேல் கேஸ் இருக்கிறது. பதினெட்டாவது விதி, பாட்டிலை வெயிலில் வைக்கக் கூடாது. சித்திரை வெயில், மணி பன்னிரண்டு. இங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வண்டியை இன்னும் யாரும் தள்ளவில்லை. காரணமும் தெரிகிறது. பின்சீட்டில் ஸ்வர்ணா படுத்திருக்கிறாள். கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே நீட்டியிருக்கிறாள், கட்டைவிரல் ஆடவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தூங்குகிறாள் என்று நினைக்கிறேன். கான்ஸ்டபிள் பாவம் பார்த்து நிற்கிறார் போல. அவரிடம் சொல்லுங்கள், பாவமெல்லாம் பார்க்க வேண்டாம். அவளை எழுப்பி இறக்கிவிட்டு வண்டியை நிழலுக்குத் தள்ளட்டும். பாதுகாப்பு விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.